திருவிழாக் கொடியில் மாதா உருவம்: அக்ரிலிக் வண்ணம் குறித்து உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறி, மாதாவின் பிறப்புப் பெருவிழாவான செப்டம்பர் 8 வரை திருவிழா நடைபெறுவதை அறிவீர்கள். அதே நாட்களில் எங்கள் ஊர்ச் சிற்றாலயத்திலும் கொடியேற்றுவது வழக்கம். இவ்வாண்டு கொடியில் மாதாவின் உருவத்தை வரையும் பேறு எனக்குக் கிடைத்திருக்கிறது.

காடாத் துணியைக் கஞ்சி போக அலசி உலர்த்தி, சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறேன். அக்ரிலிக் உலர்ந்ததும் பிளாஸ்டிக் படலமாகி நூலின்மேல் படிந்துவிடுவதால், தடிமனாகப் பூசிய இடம் அட்டைபோல் விறைத்து, மடிக்கும்போது வெடிக்கிறது. ஃபேப்ரிக் மீடியம் (துணியில் வண்ணம் விறைக்காதிருக்க அதனுடன் சேர்க்கும் திரவம்) கலந்து மெல்லியதாகப் பூசினால் துணி நெகிழ்வாகவே இருக்கிறது. நன்கு உலர்ந்தபின் மேலே வெள்ளைத் துணி விரித்து இஸ்திரி போட்டால் வண்ணமும் பிடித்துக்கொள்கிறது. மாதாவின் சேலையை வரைய இது போதும்.

முகம்தான் கவலை. கன்னத்தின் நிழலுக்கும் இமையோரத்துக்கும் பூச்சின்மேல் பூச்சு தேவைப்படுகிறது. பத்து நாட்களுக்கு மேல் காற்றில் படபடக்கும் கொடியில், மாதாவின் முகத்தில் ஒரு கீறல் விழுவதைக்கூட என் மனம் ஏற்காது. முகத்துக்கு மட்டும் நீர்த்த துணிச் சாயத்தால் நிழல் கொடுத்து, அதன்மேல் அக்ரிலிக்கில் கோடுகளை மட்டும் வரைந்தவர்கள் இருக்கிறீர்களா? கிரீடத்துக்கான மெட்டாலிக் பொன்வண்ணம் வெயிலையும் மழையையும் தாங்குமா? கொடி இருபுறமும் தெரிய வேண்டும் என்பதால், ஒரே துணியின் இரு பக்கமும் வரைவதா, தனித்தனியே வரைந்து இணைத்துத் தைப்பதா என்பதையும், கொடிச்சீலை வரைந்த அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.