கம்பெனி ரிம்முக்கு வீட்டிலேயே பெயிண்ட்: அடித்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சென்னை, திருவான்மியூர் (வேகன்ஆர், இரும்பு ரிம்)

வீல் கப்பைக் கழற்றும் வரைக்கும் ரிம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். கடல் காற்று அடிக்கிற தெருவில் ராத்திரி முழுக்க நிற்கிற வண்டி என்றால் கதையே வேறு. என் வண்டியில் நட்டைச் சுற்றியும், வீல் கப்பின் கிளிப் உரசுகிற வளையத்திலும் கம்பெனி பெயிண்ட் செதில் செதிலாக எழும்பியிருந்தது. நல்லவேளை, எல்லாம் மேல் துருதான். சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் இரும்பு கணீரென்று சத்தம் கொடுத்தது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அலாய் ரிம்முக்கு (அலுமினியக் கலவையில் வார்த்தது) விலை கேட்டுவிட்டு, சரி, பழசுக்கே பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதலில் ஸ்டெப்னியை எடுத்து அடித்தேன். அது காய்ந்ததும் வண்டியில் மாட்டி, கழன்று வந்த வீலை அடுத்து எடுத்தேன். இப்படிச் சுழற்றினால் வண்டி எப்போதும் நான்கு சக்கரத்தில்தான் நிற்கும். ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, அடியில் ஹாலோ பிளாக் கல்லை முட்டுக்கொடுத்து நாள்கணக்கில் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். தயவுசெய்து வேண்டாம்.

நேரம் முழுக்கத் தேய்ப்பதில்தான் போகிறது. பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, காய்ந்ததும் தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் துடைத்தால் அழுக்குப் போகும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும், அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது. துரு இருக்கும் இடத்தில் 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 180, கடைசியில் 320. பழைய பெயிண்ட் முடிந்து இரும்பு தொடங்கும் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படி, சில்வர் அடித்த பிறகு வெயிலில் பளிச்சென்று தெரியும்.

டயரை மறைக்க பழைய சீட்டுக்கட்டு. ரிம் விளிம்புக்கும் டயருக்கும் நடுவே ஒவ்வொரு சீட்டாகச் செருகிக்கொண்டே சுற்றி வந்தால் ஒட்டுத்தாளே தேவையில்லை. வால்வுக்கு மட்டும் டேப். ஸ்ப்ரே டப்பாவை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். முதல் கோட் அடித்த பிறகும் அடியில் இருக்கும் பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சு) தெரிய வேண்டும், ஒரே கோட்டில் மூடிவிட நினைத்தால் வழிந்துவிடும். கோட்டுக்குக் கோட் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி. டப்பாவைக் குலுக்கும்போது உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் ஒரு நிமிடமாவது குலுக்குங்கள். சில்வர் துகள் அடியில்தான் தங்கியிருக்கும்.

பிரைமருக்கு நான் எபாக்ஸிதான் போட்டேன். ரெட் ஆக்சைடு போதும் என்று கடைக்காரர் சொன்னார். ஜன்னல் கம்பிக்குப் போதும்தான். கல் தெறிக்கிற, சேறு அடிக்கிற இடத்துக்கு எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கோவை (டயர் கடையில் வேலை)

சார் எழுதியது எல்லாம் முகப்புப் பக்கம். ரிம்மைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிற ஆள் என்பதால் நான் கொஞ்சம் சொல்கிறேன்.

ஸ்டியரிங் ஆடுகிறது, பேலன்சிங் பார்த்துக் கொடுங்கள் என்று ஒருத்தர் வந்தார். வண்டியில் புதுக் கறுப்பு பெயிண்ட், பார்க்க அம்சமாக இருந்தது. முன் வலது வீலில் ஸ்பேனர் வைத்தால், பலம் கொடுக்காமலே நட் சுற்றுகிறது. கழற்றிப் பார்த்தோம். நட் உட்காரும் கூம்புக் குழியிலும், ஹப்பில் (வீல் மாட்டுகிற நடுப்பாகம்) ஒட்டும் பின்பக்கத்திலும் கனமாகப் பெயிண்ட். நட்டை முடுக்கும்போது அந்தப் பெயிண்டும் சேர்ந்துதான் இறுக்கம் கொடுக்கும். ஓடி, பிரேக் சூட்டில் அது இளகி நசுங்கியதும் நட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடும். கையில் பிடித்தால் ஒரு தகடு மாதிரி உரிந்து வந்தது. அந்தக் கனம் போனால் போதும், நட் லூஸ்.

அதனால் நட் குழிக்குள் காகித உருண்டையோ துணியோ அடைத்துவிட்டு அடியுங்கள். ஹப்பில் ஒட்டும் வட்டத்தை டேப்பால் மூடுங்கள். துருப் பிடிக்குமே என்று பயந்தால், கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தாலே போதும். மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும், அதையும் வண்டி தரையில் இறங்கிய பிறகு கடைசியாக. நட்டின் இறுக்கம் சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள்தான் வரும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிக்கிற பழக்கத்தை விடுங்கள். ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை டார்க் ஸ்பேனர் (இறுக்கத்தை அளந்து காட்டுவது) வைத்துப் பாருங்கள். டயர் கடையில் கேட்டாலும் பார்த்துக் கொடுப்பார்கள்.

டயரைக் கழற்றி முழு ரிம்மையும் அடிக்கிறவர்களுக்கு இன்னொன்று. டயர் உட்காரும் விளிம்பில் பெயிண்ட் திப்பி திப்பியாக இருந்தால் டியூப்லெஸ் டயரில் மெதுவாகக் காற்று இறங்கும். பஞ்சர் தேடியே அலுத்துப் போவீர்கள். அடித்த மறுநாளே டயர் மாட்டக் கொண்டுவராதீர்கள், எங்கள் மெஷினின் தாடை பிடிக்கிற இடத்தில் பெயிண்ட் உரிந்து, கடைக்காரன் கெடுத்துவிட்டான் என்று சண்டை வரும். ஒரு வாரம் காயவிட்டுக் கொண்டுவாருங்கள்.

தூத்துக்குடி (மெஷின் கட் அலாய்)

இரும்பு ரிம் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் ஊர்க் காற்றில் மெஷின் கட் அலாய் படும் பாடு பெரும்பாடு. முகப்பில் அலுமினியத்தை அப்படியே சீவிவிட்டு, மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) மட்டும் அடித்திருப்பார்கள். நடைபாதைக் கல்லில் ஓர் உரசல் போதும். அந்தக் கீறல் வழியாக உப்பு ஈரம் உள்ளே போய், கிளியருக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக, புழு நெளிந்த தடம்போல ஓடும். மேலே எவ்வளவு துடைத்தாலும் போகாது, இருப்பது கண்ணாடி மாதிரியான அந்தப் பூச்சுக்கு அடியில்.

கடையில் பாலிஷ் போட்டு மேலே புதுக் கிளியர் அடித்துக் கொடுத்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அதே தடம் அதே இடத்திலிருந்து நீண்டது. பிறகு வீட்டில் நானே முகப்பு முழுவதையும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, அலுமினியத்துக்கென்று இருக்கும், உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் போட்டு, அடர் சாம்பல் அடித்தேன். அந்தச் சீவிய பளபளப்பு போய்விட்டது உண்மைதான். ஆனால் வெள்ளைத் தடம் திரும்பவில்லை. பளபளப்புதான் வேண்டும் என்றால் லேத்தில் கொடுத்துத் திரும்பச் சீவ வேண்டும். அதற்கும் ஓர் அளவு உண்டு, ஒவ்வொரு முறையும் உலோகம் குறைகிறது அல்லவா.

ஈரோடு (பல்சர்)

பைக்குக்கு வீலைக் கழற்றாமலே அடித்தேன், கழற்றினால் செயின் அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் மாறும் என்கிற சோம்பல்தான். பிரேக் டிஸ்க்கையும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டிவிட்டுத் தொடுங்கள். ஸ்ப்ரேயின் பனி நாம் நினைப்பதைவிடத் தூரம் போகும், டிஸ்க்கில் படிந்தால் பிரேக் பேடுக்குப் போகும், அப்புறம் பிரேக் பிடிக்கிற அழகைப் பார்க்கலாம். மேட் பிளாக் வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்கிறேன். பிரேக் தூள் பட்டுப் பட்டுப் பத்தே நாளில் பழுப்பாகிவிடும். கொஞ்சம் பளபளப்பான சாம்பல் நிறம் அழுக்கை மறைக்கும்.

வாட்டர் வாஷில் வீலுக்கு ஆசிட் அடிக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறை கழுவும் திரவத்தையே தண்ணீர் கலந்து தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அலுமினியத்தைத் தின்னும். அந்த வீலில் என்ன பெயிண்ட் அடித்தாலும் நிற்காது.

ஓசூர் (பவுடர் கோட்டிங் யூனிட்)

வீட்டில் பவுடர் கோட்டிங் செய்யலாமா என்று சில பேர் கேட்பதால் எழுதுகிறேன். பவுடரை மின்னேற்றித் தெளித்து 180 முதல் 200 டிகிரி சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் வேகவைக்க வேண்டும். ரிம் உள்ளே போகிற அளவு அடுப்பு எந்த வீட்டிலும் இல்லை. சமையல் ஓவனில் சின்னச் சின்ன பாகம் வைத்துப் பார்க்கிறவர்கள், அதில் மறுபடி கேக் செய்யாமல் இருந்தால் சரி.

நல்ல அலாய் ரிம் வார்த்த பிறகு சூடேற்றிப் பதப்படுத்தியது. அந்தப் பதத்தின் கடைசிக் கட்டமே ஏறத்தாழ 150, 160 டிகிரியில்தான் நடக்கிறது. 200-ஐத் தாண்டிய சூட்டில் நெடுநேரம் வைத்தால், அல்லது மறுபடி மறுபடி வேகவைத்தால், உறுதி குறையும். எனவே கொடுக்கும் இடத்தில் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். வார்ப்பில் இருக்கும் நுண் துளைகளிலிருந்து காற்று கிளம்பிக் கொப்புளம் வரும், அதற்காகப் பவுடர் தெளிப்பதற்கு முன்பே ஒருமுறை வெறும் ரிம்மைச் சூடாக்குவார்கள். டயர், வால்வு, காற்றழுத்த சென்சார் எல்லாம் கழன்றிருக்க வேண்டும். இரும்பு ரிம்முக்கு இந்தச் சூட்டால் ஒன்றும் ஆகாது. மணல் அடித்துத் துருவை எடுத்து பவுடர் போட்டால் கம்பெனி பெயிண்டைவிட நன்றாகவே உழைக்கும்.

பெங்களூர் (வாடகை வீடு, ஐ20)

நமக்கு நிலையான மனம் கிடையாது, அதனால் உரித்து எடுக்கும் ரப்பர் கோட்டிங்தான். பிளாஸ்டி டிப் என்று விற்கிற வகை. சிக்கனம் பார்த்து இரண்டு கோட்டோடு நிறுத்தினால் உரிக்கும்போது துணுக்குத் துணுக்காகத்தான் வரும். நாலைந்து கோட் கனமாக இருந்தால்தான் ஒரே தோலாக வரும். உரித்து இழுக்கும்போது இருக்கும் சுகமே தனி, அதற்காகவே அடிக்கலாம். பெட்ரோல் சிந்தினால் கரையும், பிரஷர் வாஷரைப் பக்கத்தில் பிடித்தால் ஓரம் கிளம்பும்.

திருவான்மியூர்

டயர் கடை அண்ணன் சொன்னதும் போய்த் திருப்பிப் பார்த்தேன். ஹப் பக்கம் டேப் போட்டிருந்ததால் தப்பித்தேன். கிளியர் கோட் பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். டப்பாவில் வரும் சாதாரண கிளியர் பெட்ரோலுக்கும் பிரேக் திரவத்துக்கும் தாங்காது. ஹார்டனர் (பூச்சைக் கெட்டியாக்கும் திரவம்) கலந்து அடிக்கும் பியூ (பாலியூரிதேன்) கிளியர் அதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமா வரைக்கும் கொண்டுபோய்விடும், அதற்கு வாசனையும் அவ்வளவாகத் தெரியாது. துணி மாஸ்க், கொரோனா காலத்து மாஸ்க் எதுவும் இதற்கு உதவாது. அதனால் கிளியரை மட்டும் ஸ்ப்ரே பூத் இருக்கும் பெயிண்டிங் கடையில் கொடுத்து அடித்து வாங்கினேன். தேய்த்துத் தயாராகக் கொண்டுபோனால் கூலி குறைவு.

ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது அடித்தால் பெயிண்ட் மேல் பால் நிறத்தில் மங்கல் படியும். பங்குனி, சித்திரையில் காலை ஒன்பது மணிக்கு மேல், ரிம் கையில் சூடாகத் தெரிவதற்கு முன்னால் அடித்து முடித்தால் நல்லது. அடுத்தவர் வெள்ளை கார் பக்கத்தில் நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.