கலம்காரிப் பட்டுத் துப்பட்டாவின் கறுப்புக் கோடுகள் இற்றுப்போகின்றன: உதவி தேவை

2009-இல் காளஹஸ்தியில் வாங்கிய, ராசலீலைக் காட்சி முழுவதும் கையால் எழுதப்பட்ட கலம்காரிப் பட்டுத் துப்பட்டா, கறுப்புக் கோடு ஓடும் இடங்களில் மட்டும் கிழிந்துவருகிறது. கண்ணனின் மயிற்பீலியிலும் கோபியரின் புருவங்களிலும் மெல்லிய பிளவுகள் விழுந்துவிட்டன. சிவப்பும் மஞ்சளும் தீட்டிய பகுதிகளில் பட்டு இன்னும் உறுதியாகவே இருக்கிறது. பழைய இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் நீர், துணியில் ஏற்றிய கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்துதான் அந்தக் கறுப்பைத் தருகிறது என்பதால், இரும்பே இழைகளை அரிக்கிறது என்று கருதுகிறேன்.

சென்னையில் கடலுக்கு அருகிலுள்ள வீட்டில், மர அலமாரியில் இருந்தது. தண்ணீரில் நனைத்ததே இல்லை. சென்ற மழைக்காலத்திற்குப் பிறகுதான் பிளவுகள் தெரிந்தன. மடித்து வைப்பதை விட்டு, அலசிய மல் துணியோடு சேர்த்து உருளையில் சுற்றி வைத்தேன். டிரை கிளீனிங் கடையில் ஏற்க மறுத்துவிட்டார்கள். டார்னிங் செய்பவர் ஓரிடத்தில் ஊசி குத்தியதும் பக்கத்து இழைகளும் உதிர்ந்ததால், அதோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் கேன்வாஸைப் பின்புறம் கொடுக்கலாம் என்கிறார் தையற்காரர். அந்தப் பசையைப் பிறகு எடுக்க முடியாது என்பதால் எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. அந்த முகங்களை இழக்க மனம் வரவில்லை.

சாயத்தையும் இழையையும் கெடுக்காமல் இதற்கு அடித்துணி கொடுக்க, எந்தத் துணியை எந்த முறையில் இணைக்க வேண்டும்?