வைக்கோற்போர்: இது எந்தப் ‘போர்’?

மருதன்:
சண்டைப் போரும் நெற்களத்தில் அடுக்கும் போரும் ஒரே சொல்தான். புறநானூறு 369இல் பரணர் போர்க்களத்தை நெற்களமாகவே பாடி, பிணக்குவியலைப் ‘பிணம்பிறங்கு பல்போர்பு’ என்கிறார். தொல்காப்பியமும் ஏரோர் களவழியையும் (உழவரின் நெற்களத்தைப் பாடுவது) தேரோர் களவழியையும் (வீரரின் போர்க்களத்தைப் பாடுவது) வெற்றியைப் பாடும் வாகைத் திணையில் ஒன்றாகத்தான் வைக்கிறது. இரண்டுக்கும் வேர் ‘பொரு’. வாளோடு வாள் பொருதால் போர், கதிரோடு கதிர் பொருந்தினாலும் போர்.

சொல்லேர்:
அந்தப் பரணர் வரிதான் உங்களுக்கு எதிர்ச்சான்று. அதில் இருப்பது ‘போர்பு’. சார் என்பது சார்பு, சார்வு ஆகிற மாதிரி, போர் என்ற வினை போர்பு, போர்வு ஆகிறது. போர்த்தல், போர்வை எல்லாம் அந்தக் குடும்பம். சண்டையைப் போர்பு என்று சொல்கிற ஒரு பாட்டு காட்டுங்கள், பார்க்கலாம். புலவர் இரண்டு சொல்லை ஒரே வரியில் மோத விட்டார் என்பதற்காக வேரும் ஒன்றாகிவிடுமா?

மருதன்:
போர்த்துவது கடைசி வேலை. உச்சியில் கூரை வேய்கிறோம் என்பதற்காக மொத்தக் குவியலுக்கும் அந்தப் பெயர் வருமா?

களத்துமேடு:
ரெண்டு பேரும் வைக்கோலையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. பழைய களத்தில் போர் என்றால் முதலில் அடிக்காத கதிர்க்கட்டு அடுக்கு. ‘மாடு கட்டிப் போரடித்தால் மாளாது செந்நெல் என்று’ யானை கட்டியதாகச் சொல்கிறோமே, போரை அடித்து நெல் வருகிறது என்றால் நெல் அதற்குள்தான் இருக்கிறது.

அடுக்கும் முறை இது. மேடான இடத்தில் பனைமட்டையோ பழைய வைக்கோலோ பரப்பி, கட்டுகளை வட்டமாக வைக்க வேண்டும். கதிர் உள்ளே, தாள் வெளியே. நடுப்பகுதி எப்போதும் ஓரத்தைவிட ஒரு முழமாவது உயர்ந்திருக்கணும், அப்பதான் தாள் வெளிப்பக்கம் சரிந்து மழைத்தண்ணி வடியும். நடு அமுங்கினால் தண்ணி தாள் வழியாகவே உள்ளே இறங்கும், நெல் போரிலேயே முளை விடும். ஈரக்கட்டை அடுக்கினால் உள்ளே சூடேறும். அரிசி பழுப்பாகும், வைக்கோல் பூஞ்சணம் பிடிக்கும், மாடு மோந்து பார்த்துட்டு ஒதுங்கிடும். முழங்கை வரை கையை நுழைத்தாலே தெரிந்துவிடும். இலங்கையில் இந்த அடுக்குக்கே ‘சூடு’ என்றுதான் பெயர். (வெப்பத்தால் வந்த பெயரா என்று இங்கே கிளப்பாதீங்க, அதுக்குத் தனி இழை போடலாம்.)

சொல்லேர்:
அருமை. கதிர் உள்ளே, தாள் வெளியே. தாள் நெல்லைப் போர்த்தி நிற்கிறது, கூரை எதற்கு? வள்ளுவரும் அடித்து முடித்த குவியலைப் போர் என்று சொல்லவில்லை. ‘எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்’ (குறள் 435). வை என்பது வைக்கோல், தூறு என்பது குவியல்.

மருதன்:
செய்யுளில் ஒரு சொல் வரவில்லை என்பது சான்றாகாது. ‘வைப்போர் போல’ என்று வைத்தால் தேமா என்ற ஈரசைச் சீருக்குப் பின் நேரசை வந்து வெண்பாவின் தளை, அதாவது சீரோடு சீர் சேரும் ஓசைக்கட்டு, தட்டும். அவர் என்ன செய்வார்?

சொல்லேர்:
‘வைப்போர்பு போல’ என்று வைத்தால் அது மூவசைக் காய்ச்சீர்; காய்முன் நேர், தளை சரியாக நிற்கும், முதலடியின் வருமுன்னர், வாழ்க்கை என்ற மோனையும் கெடாது. கையில் இருந்த சொல்லை அவர் எடுக்கவில்லை.

மருதன்:
போர்த்தல் என்றால் ஒன்று இன்னொன்றை மூட வேண்டும். இங்கே மூடுவதும் அதே கட்டு, மூடப்படுவதும் அதே கட்டு. அடுக்கு சரியாமல் நிற்பதே கட்டோடு கட்டு பொருந்துவதால்தான். வைக்கோற்போரிலும் நடுவில் கைவைத்து இழுத்துப் பாருங்கள், ஒரு பிடிக்கு மேல் வராது.

களத்துமேடு:
அது மிதிச்ச இறுக்கம். வைக்கோற்போர் போடும்போது ஆள் மேலே நின்று சுத்தி சுத்தி மிதிப்பார். கதிர்ப்போரை அப்படி மிதிச்சா நெல் உதிர்ந்துடும், அதனால் மேலேயிருந்து கட்டுக் கட்டாகவே எடுக்க வரும். தென்மாவட்டத்தில் ‘படப்பு’ என்கிறார்களே, அது பெரும்பாலும் வைக்கோலுக்குத்தான். அதையும் ‘பொரு’வில் சேர்ப்பீங்களா?