ஏஐ டேட்டா சயின்ஸ் சீட்டு ஏறிட்டே போகுதே, சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காங்களா?

கோவை அப்பா:
பொண்ணு கட்ஆஃப் 171. கவுன்சிலிங்ல எந்த காலேஜ பாத்தாலும் ஏஐ டேட்டா சயின்ஸ்தான் முன்னாடி நிக்குது, சிவில் மெக்கானிக்கல்ல சீட்ட குறைச்சுட்டாங்க. 2024-25லேர்ந்து நல்லா நடக்கற காலேஜுக்கு சீட்டு உச்சவரம்பையே ஏஐசிடிஇ (இன்ஜினியரிங் காலேஜுக்கு அனுமதி குடுக்கற மத்திய அமைப்பு) எடுத்துட்டாங்க, இது சரிங்களா? எதை நம்பி சேக்கறது?

லேப் வாத்தியார்:
ஏஐசிடிஇ கணக்குப்படி 20 பசங்களுக்கு ஒரு ஆசிரியர் இருக்கணும் சார், ஆனா அவர் எந்த பாடம் படிச்சவர்ங்கறதுதான் விஷயமே. நான் வேலை பாத்த காலேஜ்ல மெக்கானிக்கல் எடுத்துட்டிருந்தவர ஒரு ரெண்டு வார ட்ரெயினிங் குடுத்து மெஷின் லேர்னிங் எடுக்க விட்டாங்க, லேப்ல 60 பேருக்கு ஜிபியு சிஸ்டம், அதாவது ஏஐ வேலைக்கு வேணும்கற வேகமான கம்ப்யூட்டர், ரெண்டே ரெண்டு, பாதி பேர் பக்கத்துல இருக்கறவன் அவுட்புட்ட பாத்து ரெகார்டு நோட்ல எழுதிட்டு போயிடுவான். சீட்ட ஏத்தறதுக்கு முன்னாடி இத நேர்ல வந்து பாக்கணும், அனுமதி குடுக்கறவங்க மேல எனக்கு கோவமே அதான்.

திருவாரூர் தம்பி:
நான் அரசுப்பள்ளி, 2021ல வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்லதான் சேந்தேன். சீட்டு கம்மியா இருந்தா எங்கள மாதிரி பசங்களுக்குத்தான் அண்ணா முதல்ல அடி, அதையும் யோசிங்க.

ஓசூர் மெக்:
இங்க எலக்ட்ரிக் வண்டி கம்பெனிகள்ல பேட்டரி சூடு, மோட்டார்னு மெக்கானிக்கல் ஆளுக்கு வேலை இருக்கு. சேக்கறதுக்கு முன்னாடி லேப்ப நேர்ல போய் பாருங்க, மூணாம் வருஷ பசங்ககிட்ட தனியா பேசுங்க.

கோவை அப்பா:
சனிக்கிழமை பொண்ணையும் கூட்டிட்டு போறேங்க.