பேக்கப் யூசருக்கு 777 கொடுத்தும் பர்மிஷன் டினைடு, அவசரம்

குமரி_கணக்கு:
ஆபீஸ் சர்வரிலிருந்து வீட்டு மெஷினுக்கு ராத்திரி 2 மணிக்கு ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுக்கும் கருவி) ஓடும். ரூட் (எல்லா உரிமையும் உள்ள அட்மின் யூசர்) வேண்டாம் என்று தனி யூசர் உருவாக்கினேன், அதிலிருந்து பர்மிஷன் டினைடு. 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்தேன், இப்போது பாஸ்வேர்டு வேறு கேட்கிறது. நாளைக்குள் சரியாக வேண்டும்.

வடக்கு_வாசல்:
எந்த ஓஎஸ்? 777 எந்த மெஷினில், எந்த ஃபோல்டருக்கு? எரர் வரியை அப்படியே போடுங்கள்.

தறி:
எஸ்இலினக்ஸ்தான் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு). எனக்கு எப்போதும் அதுதான் தொல்லை கொடுக்கும்.

பழைய_டெர்மினல்:
ஓஎஸ் என்னவென்றே தெரியாமல் எஸ்இலினக்ஸா? பர்மிஷனின் அரிச்சுவடி தெரியாதவர்கள் சர்வரில் கை வைப்பதால்தான் இந்தக் கேள்விகள் வாராவாரம் வருகின்றன.

வடக்கு_வாசல்:
ஐயா, அவருக்கு நாளை வேலை நடக்க வேண்டும், பாடம் அப்புறம் எடுக்கலாமே.

குமரி_கணக்கு:
இரண்டும் உபுண்டு 22.04. 777 கொடுத்தது வீட்டு மெஷினில், அந்த யூசரின் ஹோம் ஃபோல்டருக்கு. எரரில் "சென்டர்", "ஓபன்டிர் ஃபெயில்டு" (ஃபோல்டரைத் திறக்க முடியவில்லை), எரர் எண் 13 என்று இருக்கிறது, கடைசியில் கோடு 23.

வடக்கு_வாசல்:
இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். "சென்டர்" என்றால் அனுப்பும் பக்கம், அதாவது ஆபீஸ் சர்வரில்தான் படிக்க முடியவில்லை, வீட்டு மெஷினில் எதையும் மாற்றியிருக்க வேண்டியதில்லை. பாஸ்வேர்டு கேட்பது அந்த 777 ஆல்தான்: ஹோமில் மற்றவர்கள் எழுத முடிந்தால் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி) பாஸ்வேர்டுக்குப் பதிலான கீயை நம்பாது, ஆத் லாகில் (லாகின் பதிவேடு) "பேட் ஓனர்ஷிப்" என்று ஒரு வரி இருக்கும் பாருங்கள். ஹோமை 755 (உரிமையாளர் மட்டும் எழுதலாம்), எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரை 700 (மற்றவர்களுக்கு எதுவும் இல்லை), ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலை (அனுமதித்த கீகளின் பட்டியல்) 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) ஆக்குங்கள். ஆபீஸ் பக்கம் செட்ஃபேக்ல் (குறிப்பிட்ட யூசருக்குத் தனி உரிமை தரும் கட்டளை) போட்டு அந்த யூசருக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள், டிஃபால்ட்டையும் (புதிய ஃபைல்களுக்கான உரிமை) சேர்த்து, இல்லாவிட்டால் நாளை வரும் ஃபைல்கள் விடுபடும்.

தறி:
சூடோவில் (ரூட் உரிமையோடு கட்டளை ஓட்டும் வழி) பாஸ்வேர்டு இல்லாமல் ஆர்சிங்க் ஓட்டினால் ஒரே வரியில் முடியுமே?

பழைய_டெர்மினல்:
கட்டுப்பாடில்லாத சூடோ ஆர்சிங்க் என்பது ரூட்டேதான், எந்த ஃபைலையும் மாற்றி எழுதலாம். செட்ஃபேக்லும் முழுத் தீர்வு இல்லை: கணக்கு மென்பொருள் ஃபைலை 600 ஆக உருவாக்கினால் மாஸ்க் (அந்த உரிமைகளின் உச்ச வரம்பு) காலியாகி அந்த உரிமை செல்லாமல் போகும். சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை இயக்கும் நிரல்) சர்வீஸில் அந்த யூசருக்கு கேப் டாக் ரீட் சர்ச் (ஃபைல் தடைகளை மீறிப் படிக்கும் உரிமை) மட்டும் கொடுங்கள், எல்லாம் படிக்கும், எழுதாது.

தறி:
இதற்கு மூலமே தப்பு, சர்வர் ஃபைல்களைத் தள்ளக் கூடாது, வீட்டு மெஷின்தான் இழுக்க வேண்டும். சர்வரில் ரான்சம்வேர் புகுந்தால் அதே கீயால் பேக்கப்பையும் அழித்துவிடும்.

பழைய_டெர்மினல்:
இழுத்தால் ஆபீஸ் சர்வருக்குள் நுழையும் கீ வீட்டில் கிடக்கும். வீட்டில் திருடு போனால்?

தறி:
அந்தக் கீயை ஆர்ஆர்சிங்க் (ஆர்சிங்கைக் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்ட்) வைத்துப் படிக்க மட்டும் என்று பூட்டலாமே, மற்றபடி அதனால் எதுவும் செய்ய முடியாது.

பழைய_டெர்மினல்:
கணக்கு முழுவதையும் படித்துக்கொண்டு போனால் போதாதா?

வடக்கு_வாசல்:
இதற்குத் தனி இழை திறங்கள். குமரி, ஆயிற்றா?

குமரி_கணக்கு:
ஹோமை 755 ஆக்கியதும் பாஸ்வேர்டு கேட்பது நின்றது. செட்ஃபேக்லுக்குப் பிறகும் நான்கு ஃபைல்கள் அடம்பிடித்தன, சிஸ்டம்டி வழியில் அவையும் போய்விட்டன. ரொம்ப நன்றி.