மேக்ரோவுக்குத் "தொடராணை" சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் எழுத்துரு மாற்றி ஒரு மேக்ரோ, அதாவது கோப்புக்குள் எழுதி வைத்து ஒரே முறையில் இயக்கும் ஆணைகள். அதன் கையேட்டில் மற்ற பகுதிகள் முடிந்துவிட்டன. "மாற்றி ஓடவில்லை என்றால்" என்ற பகுதி மட்டும் சொற்கள் முடிவாகாமல் நிற்கிறது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய வேர்டு கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோடு) கொண்டுவர இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தட்டச்சுக் கடைக்காரர்கள், சிற்றிதழ் நடத்துபவர்கள். கோப்பைத் திறந்ததும் "மேக்ரோக்கள் முடக்கப்பட்டன" என்று வந்தால், எது முடங்கியது, ஏன் முடங்கியது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். பாதுகாப்பு அமைப்பில் கைவைக்கச் சொல்லப்போகிறோம் என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

> குறுநிரல் என்பது ஏற்கெனவே இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

அதை நம்மில் பலர் ஸ்கிரிப்டுக்கு ஆள்கிறோம். லிப்ரெஓபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளில் பேசிக், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் மேக்ரோ எழுதலாம். ஸ்கிரிப்ட், மேக்ரோ இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் சொல்ல வேண்டிய இடத்தில் இந்தச் சொல் மாட்டிக்கொள்ளும். மேக்ரோவுக்குப் பெருமம் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. கணக்குப் பாடத்தில் பெருமம், சிறுமம் படித்தவர்கள் அதை உச்ச மதிப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

என் முன்மொழிவு: தொடராணை. ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறும் ஆணைகளின் தொடர். வரிசை இதில் முக்கியம் என்பதற்கு நம் மாற்றியே சான்று. பாமினியில் "கொ" என்பதைக் கொம்பு, ககரம், கால் என்று மூன்றாகத் தட்டியிருப்பார்கள். கொம்பும் காலும் சேர்ந்து வரும் இடங்களை முதலில் மாற்றிவிட்டுத்தான் கொம்பு மட்டும் வரும் "கெ"வுக்குப் போக வேண்டும். முறை மாறினால் "கொடி" என்பது "கெ" ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறிப்போகும். "ஆணைத்தொகுப்பு" என்று ஒருவர் சொன்னார். அதில் தொகுப்பு இருக்கிறது, வரிசை இல்லை.

தொடராணை என்றால் ஓயாமல் தொடரும் ஆணை என்று படாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் தொடர்வண்டி என்றதும் நிற்காத வண்டி என்று யாரும் நினைப்பதில்லை. ஒன்றோடொன்று கோத்த பெட்டிகள் என்றே கொள்கிறோம். தொடராணையை இயக்கு, தொடராணைப் பதிவு, தொடராணைப் பாதுகாப்பு என்று வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், இடறவில்லை.

ஆணை என்ற பகுதியை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோப்பு என்றால் படிக்க மட்டும்தான் என்ற நினைப்பில்தான் ஆபத்து நுழைந்தது. 1995இல் வேர்டு கோப்புகள் வழியே கான்செப்ட் என்ற மேக்ரோ நச்சுநிரல் (வைரஸ்) பரவியது. 1999 மார்ச்சில் வந்த மெலிசா, கோப்பைத் திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. கோப்புக்குள் ஆணை ஒளிந்திருக்கலாம் என்பதைச் சொல்லே காட்ட வேண்டும்.

அடுத்தது, முடக்கம். வேர்டில் இரண்டு பட்டைகள் வருகின்றன, இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கையேடு குழப்பும். மஞ்சள் பட்டையில் அனுமதிக்கும் பொத்தான் இருக்கும். அதை "முடக்கப்பட்டது" என்போம். இணையத்திலிருந்து இறங்கிய கோப்புகளுக்கு மைக்ரோசாப்ட் 2022இல் கொண்டுவந்த சிவப்புப் பட்டையில் அந்தப் பொத்தானே கிடையாது. அதற்குத் "தடுக்கப்பட்டது". தடையை நீக்க வேர்டுக்கு வெளியே வர வேண்டும். கோப்பின் மேல் வலது சொடுக்கி, பண்புகளைத் திறந்து, பொதுத் தாவலின் அடியில் உள்ள சிறு கட்டத்தில் குறியிட்டுச் சரி கொடுக்க வேண்டும். கோப்பு எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இதைச் செய்யலாம் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

"பக்கத்துக் கடையில் பென்டிரைவில் வாங்கினேன், ஓடுகிறது, மின்னஞ்சலில் வந்தது ஓடவில்லை" என்ற புகாருக்கும் விடை இதிலேயே இருக்கிறது. இணையத்திலிருந்து வந்தது என்ற முத்திரையை விண்டோஸ், என்டிஎப்எஸ் (NTFS) முறையில் வடிவமைத்த வட்டில்தான் கோப்போடு ஒட்டி வைக்கும். பேட்32 (FAT32) முறையில் வடிவமைத்த பென்டிரைவுக்குப் படியெடுத்தால் முத்திரை போய்விடும். கோப்பு அதே கோப்புதான். முத்திரை போனதால் அது நல்ல கோப்பாகிவிடாது.

> "நம்பகமான இடங்கள்" என்றே மொழிபெயர்த்துவிடலாமே?

வேர்டில் Trusted Locations என்று வரும் அமைப்புக்கு இந்தச் சொல்லைக் கட்டாயம் மறுக்கிறேன். நம்பகமான என்றால் அந்தக் கோப்புறை தன்னளவில் நம்பத்தக்கது, மென்பொருள் அதற்கு உத்தரவாதம் என்று ஆகிறது. நடப்பது வேறு. நாம் ஒரு கோப்புறையைக் காட்டி "இதை நம்புகிறேன்" என்கிறோம். அதன்பின் அதில் விழும் எந்தக் கோப்பின் தொடராணையும் கேள்வியில்லாமல் ஓடும். "நான் நம்பும் இடங்கள்" என்று எழுதினால் பொறுப்பு யாருடையது என்று தெரியும். பதிவிறக்கக் கோப்புறையை அதில் சேர்க்கிறவர்களும் ஒரு கணம் யோசிப்பார்கள்.

லிப்ரெஓபிஸில் பாதுகாப்பு மட்டங்கள் நான்கு: மிக உயர், உயர், நடு, தாழ். அவற்றில் சிக்கல் இல்லை. உயர் மட்டம்தான் இயல்பாக இருப்பது, அதில் எழுதியவரின் மின்கையொப்பமில்லாத தொடராணை ஓடாது. நம் மாற்றிக்கு நடு மட்டம் போதும், ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு ஓடும். தாழ் மட்டத்தைக் கையேட்டில் எங்குமே பரிந்துரைக்க வேண்டாம்.

அப்புறம், இந்த அமைப்புகளுக்கெல்லாம் முன்னால் ஒரு வரி சேர்க்க வேண்டும்: கோப்பு டாக்எக்ஸ் (.docx) வடிவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேர்டு 2007 பதிப்பில் வந்த அந்த வடிவம் தொடராணையைத் தாங்காது, டாக்எம் (.docm) வடிவம்தான் தாங்கும். மாற்றியை டாக்எக்ஸாகச் சேமித்துவிட்டால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை, மூலக் கோப்பை மறுபடி வாங்க வேண்டியதுதான்.

தொடராணைக்கு மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு, "முடக்கப்பட்டுள்ளது", "அனுமதி" இரண்டையும் அதனுடன் சேர்த்து முழு வாக்கியமாக எழுதி அனுப்புங்கள். "கையொப்பமிட்ட தொடராணை" என்பதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் அதையும் சொல்லுங்கள், பட்டியில் இடம் குறைவு.

அன்புடன்.