பாம்பன் பாலம் ஏறுமுன் கண்ணாடி மூடிக்கொள்கிறது: ஏசியா, ஹீட்டரா?

தங்கச்சிமடம்:
அப்பாவை மதுரை மருத்துவமனைக்கு அழைத்துப்போக விடியும் முன்பே கிளம்புகிறோம். இந்த அடைமழையில் பாம்பன் பாலம் ஏறுவதற்குள் காரின் முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடுகிறது. அப்பாவுக்குக் குளிர் ஆகாது, அதனால் ஏசி போடுவதில்லை. சாரலுக்குப் பயந்து கதவுக் கண்ணாடிகளையும் ஏற்றிவிடுகிறோம். ஹீட்டரைத் திருப்பினால் வெறும் காற்றுதான் வருகிறது. வேறு வழியின்றி ஏசியை உச்சக் குளிரில் வைத்து முன்கண்ணாடிக்குத் திருப்பினால் விலகுகிறது. மண்டபம் தாண்டியதும் மறுபடி மூடுகிறது. இந்த இரண்டாவது மூட்டம் துணியால் துடைத்தாலும் போவதில்லை. எதிரே வரும் பேருந்தின் விளக்கு வெள்ளைத் தீற்றலாகத்தான் தெரிகிறது, பக்கக்காற்று வேறு. உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

கீழக்கரை:
நம் ஊரில் ஹீட்டர் எதற்குச் சகோதரரே? மழைநாளில் ஏசியும் வீண் செலவு. முதலில் கண்ணாடியை இருபுறமும் கழுவுங்கள். கடற்காற்றின் உப்பு படிந்த கண்ணாடி ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

உச்சிப்புளி பட்டறை:
கழுவச் சொன்னது சரி. ஏசி வீண் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மழைநாளில் ஏசியின் முதல் வேலை ஈரத்தை உறிஞ்சுவதுதான். ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளான காயிலில் காற்று படும்போது அதிலுள்ள ஈரம் நீராகி வெளியே வடிந்துவிடுகிறது.

தம்பி, நீ சொல்வது இரண்டு வெவ்வேறு மூட்டம். முதலாவது உள்பக்கம்: மூச்சும் நனைந்த துணியும் குடையும் விடும் ஈரம். இரண்டாவது வெளிப்பக்கம்: ஏசி கண்ணாடியைச் சில்லிட வைத்ததும் கடலோரத்து ஈரக்காற்று அதன்மேல் நீராகப் படிகிறது. உள்ளே எவ்வளவு துடைத்தாலும் அது எப்படிப் போகும்? வைப்பரை ஒருமுறை ஓட்டிப் பார். விலகினால் வெளிப்பக்கம்தான்; குளிரைக் குறைத்துவிடு.

கிளம்பும்போதே ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பு. காருக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி போட்ட பொத்தானை அணைத்துவிடு. அதன் விளக்கு எரிந்தால் உள்ளிருக்கும் ஈரமே சுற்றிச்சுற்றி வரும். ஹீட்டருக்கு வெப்பம் எஞ்சினைக் குளிர்விக்க அதைச் சுற்றி ஓடும் திரவமான கூலன்டிலிருந்து வருகிறது. வீட்டிலிருந்து பாலம் பக்கம்தானே, எஞ்சின் சூடேறவே நேரமில்லை. சூடு ஏறியபின் ஏசியை அணைக்காமல் வெப்பத்தையும் சேர்த்துத் திருப்பு. உலர்ந்த வெதுவெதுப்பான காற்று வரும், அப்பாவுக்கும் குளிராது. அந்த வெப்பம் எஞ்சின் எப்படியும் வெளியே தள்ளுவது, அதற்கென்று தனியாக எரிபொருள் போகாது. ஏசியை இயக்கும் கம்ப்ரசருக்குச் சற்றுப் போகும். பாலத்தில் வழி தெரிவதற்கு அந்தச் செலவு பெரிதில்லை.

தங்கச்சிமடம்:
வைப்பர் ஓட்டியதும் விலகியது அண்ணா, வெளிப்பக்கம்தான்! அப்பாவும் காலை நீட்டித் தூங்கிக்கொண்டே வந்தார். இன்னொன்று: இடதுபக்கக் கால்மிதிக்குக் கீழே விரிப்பு நனைந்தே கிடக்கிறது. பொங்கலுக்குப் பிறகு கொடைக்கானல் போகிறோம், அங்கும் இதே முறைதானா?

உச்சிப்புளி பட்டறை:
விரிப்பைத் தொட்டு முகர்ந்து பார். இனிப்பான வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் ஹீட்டர் காயிலில் கூலன்ட் கசிகிறது. உடனே பட்டறைக்குக் கொண்டுபோ. வெறும் தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கும். தனுஷ்கோடி மணலில் ஓடும் வண்டிகளில் இந்த அடைப்பைப் பார்க்கிறேன். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் சொட்டவில்லையானால் அதுதான் காரணம். குழாயைச் சுத்தம்செய்து விரிப்பை வெயிலில் நன்றாகக் காயவை. அந்த ஈரமே கண்ணாடிக்கு ஆவி கொடுத்துக்கொண்டிருந்திருக்கும்.

கொடைக்கானலிலும் இதே முறைதான். விடியற்காலைக் குளிர் மிகவும் இறங்கினால் கம்ப்ரசர் தானாகவே நின்றுவிடும், பழுது என்று பதறாதே; வெளிக்காற்றும் ஹீட்டரும் போதும். போவதற்கு முன் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பார்த்துவிடு. சூடாக இருக்கையில் மூடியைத் திறக்காதே.